பெயரின் வாலைப் பாருங்க, சித்தப்பா

போன மாதம் ஒரு ஞாயிறு, காலை ஏழு மணி. தட்டில் இட்லி மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் விடாமல் அதிர்ந்தது. மலேசியாவின் கூலாயிலிருந்து சித்தப்பா. வாட்ஸ்அப்பில் பதினோரு படங்கள், பதினொன்றும் வெள்ளரி இலை. யாரோ கோலமாவைக் கை தவறிக் கொட்டிவிட்டதுபோல் பச்சை இலைமேல் வட்டம் வட்டமாக வெள்ளை. சாம்பல் நோய், பூஞ்சையால் வருவது. கடைசியில் ஒரு குரல் பதிவு.

"தாயி, கடைக்காரன் எனக்குப் போலி மருந்தத் தலையில கட்டிட்டான். நீ லேப்ல வேலை பாக்குற புள்ள. சோதிச்சு ஒரு கடுதாசி குடு. அவன் மூஞ்சியில விட்டெறிஞ்சிட்டு வந்துடுறேன்."

சித்தப்பா தோட்டத்தில் பிறந்தவர். தாத்தா ரப்பர்ப் பால் மரம் வெட்டிய அதே வட்டாரத்தில் இப்போது ஓர் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து வெள்ளரி, பீர்க்கு, வெண்டை போடுகிறார். நான் சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் இருக்கிறேன். எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்றால் கடலுக்கு அந்தப் பக்கம் ஜொகூர் பாருவின் கட்டடங்கள் தெரியும். பத்தொன்பது வருடமாக மாணவர்களுக்கான ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளர் வேலை. பிசிஆர் ஓட்டுவது, ஜெல் ஊற்றுவது, பூஞ்சை வளர்க்கும் தட்டுகளைத் தயாராக வைப்பது, மாணவர்கள் உடைத்ததை எழுதி வைப்பது. சித்தப்பாவின் கண்ணில் நான் விஞ்ஞானி. எத்தனை முறை மறுத்தாலும் கேட்க மாட்டார்.

நோய் பிடித்த இலையைப் பையில் போட்டு எல்லை தாண்டிக் கொண்டுவரக் கூடாது என்று முதலில் சொன்னேன். கோபம். "அப்போ எப்படிச் சோதிப்ப?" இலை வேண்டாம், புட்டியில் ஒட்டியிருக்கும் தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள், பெரிய எழுத்து வேண்டாம், பொடி எழுத்துதான் வேண்டும் என்றேன். அரை மணி நேரத்தில் மூன்று படம் வந்தது. மூன்று கம்பெனி, மூன்று நிறப் புட்டி, மூன்று பெயர். ஒன்றில் கழுகு, ஒன்றில் கேடயம். "ஒரே மருந்த அடிச்சா பூச்சிக்குப் பழகிப்போயிடும்னு எனக்குத் தெரியாதா? மாத்தி மாத்தித்தான் அடிச்சேன்" என்று கூடவே ஒரு செய்தி.

பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். முதல் புட்டியில் அசாக்ஸிஸ்ட்ரோபின். இரண்டாவதில் பைராக்ளோஸ்ட்ரோபின். மூன்றாவதில் மறுபடி அசாக்ஸிஸ்ட்ரோபின், கூட டைஃபெனோகோனசோல். படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர் ஏமாறவில்லை, கடைக்காரரும் ஏமாற்றவில்லை. ஒரே பூட்டுக்கு மூன்று கம்பெனியின் சாவி வாங்கியிருக்கிறார். பூட்டு மாறிப்போயிருக்கிறது.

அடுத்த ஞாயிறு பஸ் பிடித்து நேரிலேயே வந்துவிட்டார். கையில் ஒரு மூட்டை வெண்டைக்காய்க்கு ஆசைப்பட்டேன், அதுவும் செடிதானே என்று நானே வேண்டாம் என்றிருந்தேன். வெறுங்கையோடு வந்தது அவருக்கு மனசுக்கு ஆகவில்லை, டேக்காவில் இறங்கி மல்லிகைப் பூ வாங்கிக்கொண்டு வந்தார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, மகனின் படம் வரையும் தாளை விரித்து உட்கார்ந்தேன். அன்று அவரிடம் சொன்னதையும், நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கூலாயில் மட்டும் நடக்கும் கதை இல்லை இது.

மூன்று புட்டியிலும் பெயரின் வாலாக ஒட்டியிருக்கும் இந்த 'ஸ்ட்ரோபின்' குடும்பத்தின் பாட்டி ஒரு காளான். ஐரோப்பியக் காடுகளில் மண்ணில் புதைந்த ஊசியிலை மரக் காய்களின் மேல் முளைக்கும் மிகச் சிறிய காளான், ஸ்ட்ரோபிலூரஸ் டெனசெல்லஸ். தான் குடியிருக்கும் காயை வேறு பூஞ்சைகள் வந்து பங்கு கேட்காமலிருக்க ஒரு பொருளைக் கசியவிடுகிறது. ஜெர்மனியில் டிம் ஆங்கே, வொல்ஃப்காங் ஸ்டெக்லிஷ் ஆகியோரின் குழு 1977-இல் அதைப் பிரித்தெடுத்து ஸ்ட்ரோபிலூரின் என்று பெயர் வைத்தது. இயற்கையில் உள்ளபடியே எடுத்துத் தெளித்தால் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். வெளிச்சத்தைத் தாங்கும்படி வேதியியலாளர்கள் அதைத் திருத்தி, 1996-இல் அசாக்ஸிஸ்ட்ரோபினும் கிரெசாக்ஸிம்-மெத்திலும் சந்தைக்கு வந்தன. கோதுமை, திராட்சை, வாழை, வெள்ளரி என்று எதில் அடித்தாலும் கேட்டது. விவசாயிகள் கொண்டாடினார்கள்.

1998-இல், அதாவது இரண்டே வருடத்தில், வட ஜெர்மனியின் கோதுமை வயல்களில் சாம்பல் நோய் இந்த மருந்துக்குக் கட்டுப்பட மறுத்தது. 1990-களின் இறுதியிலேயே ஜப்பானில் வெள்ளரியின் சாம்பல் நோய்ப் பூஞ்சையிலும் அடிச்சாம்பல் நோய்க் கிருமியிலும் அதே கதை. சித்தப்பாவின் இலையில் இருக்கும் அதே சாம்பல் நோய்ப் பூஞ்சை, போடோஸ்பேரா சாந்தியை.

"ரெண்டே வருஷமா?" என்றார் சித்தப்பா. ஏன் இவ்வளவு வேகம் என்பதுதான் என்னை இத்தனை வருடமாக விடாமல் பிடித்து வைத்திருக்கும் விஷயம். அதற்கு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போக வேண்டும்.

தோட்டத்தில் பால் சேகரிப்பதை வைத்தே சொன்னேன். ஒவ்வொரு மரத்திலும் மங்கு, மங்கிலிருந்து வாளி, வாளி கை மாறி ஸ்டோருக்குப் போகும். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் நடப்பதும் கைமாற்றுதான். உணவிலிருந்து எடுத்த எலக்ட்ரான்களை ஒரு புரதக் கூட்டம் அடுத்ததற்குக் கொடுக்கும், கடைசியில் அது ஆக்ஸிஜனிடம் போய்ச் சேரும். அந்தக் கைமாற்றில்தான் செல்லுக்கு வேண்டிய சக்தி பிறக்கிறது. வரிசையில் மூன்றாவது கூட்டத்தில் சைட்டோகுரோம் பி என்று ஒரு புரதம். வாளி வந்து இறங்குவதற்கு அதில் ஒரு குழி உண்டு. ஸ்ட்ரோபின் மருந்து செய்வதெல்லாம் அந்தக் குழியில் போய் உட்கார்ந்துகொள்வதுதான். வாளி இறங்க இடமில்லை, வரிசை நின்றுவிடுகிறது. வித்து முளைக்கும் நேரத்தில்தான் பூஞ்சைக்குச் சக்தி அதிகம் தேவை. அதனால் நோய் வருவதற்கு முன்னோ, வந்த தொடக்கத்திலோ அடித்தால்தான் இந்த மருந்து நன்றாக வேலை செய்யும். இலை முழுக்க வெளுத்த பிறகு அடிப்பது தாமதம்.

இப்போது அந்தக் குழியின் சுவரைப் பாருங்கள். சைட்டோகுரோம் பி-யில் 143-ஆவது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அதுதான், பக்கவாட்டில் ஒரே ஒரு ஹைட்ரஜன். அதனால் அங்கே கொஞ்சம் இடம் காலியாக இருக்கிறது, மருந்து அந்த இடத்தில் பொருந்திக்கொள்கிறது. மரபணுவில் அந்த இடத்துக்கான மூன்றெழுத்து ஜி-ஜி-டி. நடு எழுத்து மட்டும் சி ஆகி ஜி-சி-டி என்று மாறினால் கிளைசின் போய் அலனின் வந்து உட்காரும். அலனினுக்கு ஹைட்ரஜன் இருந்த இடத்தில் ஒரு மெத்தில் குழு, ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும். அவ்வளவுதான் வித்தியாசம். அந்தச் சின்னப் புடைப்பு மருந்தை முட்டித் தள்ளிவிடும். வாளி மட்டும் எப்போதும்போல் வந்து இறங்கும். இந்த மாற்றத்தை ஜி143ஏ என்பார்கள். இது உள்ள பூஞ்சையைக் கட்டுப்படுத்த முன்பைவிட நூறு மடங்குக்கும் மேல் மருந்து வேண்டும், அதாவது வயலில் அந்த மருந்து செத்த மருந்து.

குழி ஒன்று என்பதால், அதில் உட்காரும் அசாக்ஸி, பைராக்ளோ, டிரைஃப்ளாக்ஸி எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் கதவு சாத்தப்படுகிறது. உலக அளவில் பூஞ்சைக்கொல்லிகளுக்குக் குழு எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள், இந்தக் குடும்பத்தின் எண் 11. சித்தப்பா கழுகையும் கேடயத்தையும் மாற்றி மாற்றி அடித்தது 11-ஐயும் 11-ஐயும்தான்.

அவர் ரொம்ப நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ மருந்துதான் அத மாத்திருச்சா?"

இல்லை. அந்த எழுத்துப்பிழை மருந்து வருவதற்கு முன்னாலும் எங்காவது ஒரு வித்தில் தானாக நடந்துகொண்டுதான் இருந்திருக்கும். மைசீனா கலோபோடா என்ற காளான் இனத்தில் அந்த 143-ஆம் இடத்தில் இயல்பிலேயே அலனின்தான் இருக்கிறது. மைசீனா இனத்திலும் ஸ்ட்ரோபிலூரின் சுரக்கும் காளான்கள் உண்டு. தன் விஷம் தன்னையே கொல்லாமலிருக்க வேண்டுமே. மனிதன் மருந்து கண்டுபிடிப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே அதற்கான மாற்று காட்டுக்குள் எழுதப்பட்டிருந்தது என்பதை முதன்முதலில் படித்த நாளில் எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. மருந்து அடிக்கும்போது பழையவை எல்லாம் சாகின்றன, மாறியது மட்டும் தட்டிக்கேட்க ஆளில்லாமல் இலை முழுக்கப் பரவுகிறது. கோதுமையின் இலைப்புள்ளி நோய்ப் பூஞ்சை ஒன்றில் இதே ஜி143ஏ ஐரோப்பாவில் குறைந்தது நான்கு தடவை தனித்தனியாகத் தோன்றி, மேற்கிலிருந்து வீசும் காற்றோடு கிழக்கே போனதை மரபணு வரிசையை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இன்னொன்று. சைட்டோகுரோம் பி-யின் மரபணு செல்லின் உட்கருவில் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே இருக்கும் தனி டிஎன்ஏ-வில் இருக்கிறது. உட்கருவில் ஒரு மரபணுவுக்கு ஒன்றோ இரண்டோ பிரதிதான். மைட்டோகாண்ட்ரியா ஒரு செல்லில் பல, ஒவ்வொன்றிலும் டிஎன்ஏ பிரதிகள் பல. ஒரு பிரதியில் பிழை வந்தால் முதலில் அது கூட்டத்தில் ஒருத்தன். பழையதும் புதியதும் ஒரே செல்லுக்குள் கலந்து கிடக்கும். வெள்ளரிச் சாம்பல் நோயிலும் ஆப்பிளின் சொறி நோயிலும் இப்படிக் கலந்த நிலையைப் பார்த்திருக்கிறார்கள். மருந்து அடிக்க அடிக்க, செல் பிரியும் ஒவ்வொரு முறையும், புதிய பிரதி அதிகம் கிடைத்த செல்தான் பிழைக்கும். கலவை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு கட்டத்தில் முழுக்கப் புதியதாகிவிடும். மருந்தை நிறுத்தினால் சில கலப்புப் பூஞ்சைகளில் தராசு திரும்பவும் சாயலாம். முழுக்க மாறிப்போனதில் அது நடக்காது. அந்த மெத்தில் புடைப்பால் பூஞ்சைக்குப் பெரிய நஷ்டமும் பல இனங்களில் இல்லை. "ரெண்டு வருஷம் நிறுத்திட்டுத் திரும்ப அடிச்சா கேட்குமா?" என்று சித்தப்பா கேட்டபோது என்னால் தலையாட்ட முடியாமல் போனது இதனால்தான்.

மைட்டோகாண்ட்ரியா தாய்வழி வருவது என்று சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நம்மிலும் மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து மட்டும்தான் வருகிறது என்றேன். "அப்போ என்கிட்ட இருக்கிறது உங்க பாட்டியோடது" என்றார். ஆமாம், அப்பாவிடம் இருந்ததும் அதுதான், ஆனால் எனக்கு அது வரவில்லை, என் அம்மாவுடையது வந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது.

பூஞ்சையில் ஆண் பெண் என்று பிரிவு அப்படி இல்லை. கோதுமைச் சாம்பல் நோயில் மருந்துக்குக் கட்டுப்படும் ஒன்றையும் கட்டுப்படாத ஒன்றையும் இணைத்துப் பார்த்தார்கள். ஒரே ஜோடியில் எது வேண்டுமானாலும் தாய் வேலையைச் செய்யலாம். எது தாயாக நின்று கருவைத் தாங்கியதோ அதன் மைட்டோகாண்ட்ரியாதான் அந்தக் கூட்டிலிருந்து வரும் குஞ்சுகள் எல்லாவற்றுக்கும். உட்கரு மரபணுக்களைப் போல் பாதிக்குப் பாதி பிரிவதில்லை, ஒரு கூட்டில் எல்லாமே எதிர்க்கும், இன்னொன்றில் எல்லாமே சாகும். நம் ஊர் வெப்பத்தில் வெள்ளரியின் சாம்பல் நோய் பெரும்பாலும் இணை சேராமல், இலைமேல் தெரியும் அந்த வெள்ளை மாவான வித்துகளாலேயே பரவுகிறது. ஒவ்வொரு துகளும் தாயின் அச்சு. எதிர்ப்பைக் கலந்து கரைக்க அங்கே வேறு பரம்பரையே குறுக்கே வருவதில்லை.

இனி நான் சொல்லப்போவது என் சொந்தக் கதை. இத்தனை வருடத்தில் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். மாணவர் பயிற்சிக்காகக் கடையில் வாங்கிய ஸ்ட்ராபெரியில் வரும் சாம்பல் நிறப் பூஞ்சையை, போட்ரைடிஸ் சினிரியாவை, வளர்த்துக்கொண்டிருந்தேன். இங்கே ஸ்ட்ராபெரி பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது. ஒவ்வொரு டப்பாவும் ஒவ்வொரு நாடு. இரண்டு டப்பாவிலிருந்து இரண்டு தட்டு. சைட்டோகுரோம் பி-யில் 143-ஆம் இடத்தைச் சுற்றிய துண்டை பிசிஆரில் பெருக்கி, நீளத்தின்படி பட்டையாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டினேன். ஒரு தட்டின் பட்டை எதிர்பார்த்த இடத்தில். இன்னொன்றின் பட்டை மிக மேலே, ஆயிரம் எழுத்துக்கும் அதிகமான நீளத்தில். என் மேலதிகாரி ஒரே பார்வையில் "கலப்படம், பைபெட்டைச் சுத்தமாக வைக்கத் தெரியவில்லை" என்றார். மூன்று முறை திரும்பச் செய்யச் சொன்னார். மூன்று முறையும் அதே. பதிவேட்டில் என் பெயருக்கு நேரே கவனக்குறைவு என்று எழுதினார். அந்தத் தாளை நான் இன்னும் மறக்கவில்லை.

அது கலப்படம் இல்லை, இண்ட்ரான். மரபணுவின் நடுவே நுழைந்து உட்கார்ந்திருக்கும் நீண்ட எழுத்துத் துண்டு. ஆர்என்ஏ படி எடுத்த பிறகு அது வெட்டப்பட்டு, இரு பக்கமும் ஒட்டப்பட்டால்தான் சரியான புரதம் வரும். போட்ரைடிஸில் சில பரம்பரைகளில் அது உண்டு, சிலவற்றில் இல்லை. அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் முக்கியம்: 143-ஆவது மூன்றெழுத்து முடிந்த அடுத்த எழுத்திலிருந்தே தொடங்குகிறது. எங்கே வெட்டுவது என்று கண்டுபிடிக்க அந்த இண்ட்ரானுக்குத் தனக்கு முன்னால் இருக்கும் எழுத்துகள் மாறாமல் இருக்க வேண்டும். ஜி-ஜி-டி என்பது ஜி-சி-டி ஆகிவிட்டால் வெட்டும் இடம் குழம்பிப்போகும், சைட்டோகுரோம் பி உருவாகாது, செல் மூச்சு விடாமல் சாகும். மருந்திலிருந்து தப்பிக்க எடுத்து வைத்த அடியே அதற்கு எமனாகிறது.

அதனால் இண்ட்ரான் உள்ள பூஞ்சைகளில் ஜி143ஏ வர முடிவதில்லை. கோதுமைத் துரு நோயைத் தரும் பக்சீனியா இனங்கள், தக்காளி உருளைக்கிழங்கின் இலைக்கருகலைத் தரும் ஆல்டர்நேரியா சொலானி எல்லாம் இந்த வகை. ஆல்டர்நேரியா வேறு வழி தேடி 129-ஆம் இடத்தில் ஃபீனைல்அலனினை லூசின் ஆக்கிக்கொண்டது, எஃப்129எல். பிரேசிலின் சோயாத் துருவும் அதே வழியில் போனது. அந்த மாற்றம் தரும் எதிர்ப்பு குறைவு, மருந்து ஓரளவு கேட்கும். போட்ரைடிஸில் ஜி143ஏ கிடைப்பதெல்லாம் இண்ட்ரான் இல்லாத பரம்பரைகளில்தான். நான் திட்டு வாங்கிய அந்த நீளமான பட்டை, எதிர்ப்பு வர முடியாத பூஞ்சை என்று எழுதிக் காட்டிய பட்டை. இதைப் பின்னால் ஒரு ஆய்வுக் கட்டுரையில் படித்தபோது ஆய்வுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து அழுதேன். இன்று மாணவர் யாராவது எதிர்பாராத பட்டையோடு வந்தால், கலப்படம் என்ற சொல்லை நான் கடைசியாகத்தான் எடுப்பேன்.

ஆய்வுக்கூடத்தில் இதைச் சோதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூஞ்சைகளுக்கு மாற்று ஆக்ஸிடேஸ் என்ற குறுக்குச் சந்து ஒன்று உண்டு. மூன்றாவது கூட்டம் அடைபட்டால் எலக்ட்ரானை அந்த வழியாக ஆக்ஸிஜனிடம் சேர்த்துவிடும். சக்தி குறைவாகத்தான் கிடைக்கும், ஆனால் தட்டில் வளர அது போதும். அதனால் மருந்து கலந்த தட்டில் சாலிசைல்ஹைட்ராக்ஸாமிக் அமிலத்தைச் சேர்த்து அந்தச் சந்தை அடைப்பது வழக்கம். அதை விட்டுவிட்டு எல்லாமே எதிர்க்கின்றன என்று மகிழ்ச்சியோடு ஓடிவந்த மாணவர்கள் பலர். உயிருள்ள இலைமேல் அந்தச் சந்து பூஞ்சையைப் பெரிதாகக் காப்பாற்றுவதில்லை.

சித்தப்பா தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டு ஒன்று கேட்டார். "மலேரியாவுக்கும் இப்படி மருந்து கேட்காமப் போச்சுன்னு சொல்லுவாங்களே?" தாத்தா தோட்டத்தில் குளிர்க்காய்ச்சலில் கிடந்த கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கேள்வி எவ்வளவு சரியானது என்று அவருக்குத் தெரியாது. அடோவாகுவோன் என்ற மலேரியா மருந்து அடைப்பதும் இதே சைட்டோகுரோம் பி-யின் இதே குழியைத்தான். அந்த ஒட்டுண்ணியிலும் மைட்டோகாண்ட்ரியாவில் ஓர் எழுத்து மாறி எதிர்ப்பு வருகிறது. ஆனால் அப்படி மாறிய ஒட்டுண்ணி நம் இரத்தத்தில் பிழைத்தாலும் கொசுவின் உடலில் வளர முடியாமல் தவிக்கிறது, ஏனென்றால் அங்கே அதற்கு முழு மூச்சு வேண்டும். 2016-இல் எலி மலேரியா ஒட்டுண்ணியை வைத்து இதைக் காட்டினார்கள். மாறியது பரவ முடியாமல் நின்றுவிடும். வெள்ளரிச் சாம்பலுக்கு அப்படித் தாண்ட வேண்டிய கொசு இல்லை, காற்று போதும்.

இனி என்ன செய்வது என்பதில் நான் நீட்டி முழக்கவில்லை. சோதிக்காமல் உறுதி சொல்ல முடியாது, ஆனால் மூன்றும் கேட்கவில்லை என்றால் 11-ஐ வெள்ளரிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள் என்றேன். மூன்றாம் புட்டியில் இருக்கும் டைஃபெனோகோனசோல் வேறு குழு, அது பூஞ்சையின் செல் சவ்வைக் கட்டும் வேலையைத் தடுப்பது. அந்தப் புட்டி கொஞ்சம் கேட்டிருந்தால் உழைத்தது அது மட்டும்தான். கூட இருக்கும் ஸ்ட்ரோபினுக்குக் காசு தண்டம். தனியே ஒரே மருந்தை நம்பி அடித்தால் அதற்கும் ஒரு நாள் இதே கதி. எஸ்டிஹெச்ஐ என்ற இன்னொரு குடும்பம் மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டாவது கூட்டத்தை அடைக்கிறது, ஆனால் அந்தப் புரதத்தின் மரபணு உட்கருவில். வேலை நடக்கும் இடம் ஒன்று, எழுதி வைத்த இடம் வேறு. அதிலும் எதிர்ப்பு வந்துவிட்டது, பல வேறு மாற்றங்களாக.

கந்தகத்தைப் பற்றிச் சொன்னபோதுதான் அவர் முகம் மலர்ந்தது. அவருக்குத் தெரிந்த மருந்து அது. ஒரு குழியில் மட்டும் உட்காராமல் பூஞ்சையின் பல இடங்களில் ஒரே நேரத்தில் கை வைப்பதால், நூறு வருடத்துக்கும் மேலாக அடித்தும் பூஞ்சை அதற்குப் பழகவில்லை. ஆனால் உச்சி வெயிலில் வெள்ளரி இலைக்குக் கந்தகம் அடித்தால் இலையே பொசுங்கும், சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகுதான் அடிக்க வேண்டும். அடர்த்தியாக நட்டிருப்பதைக் கொஞ்சம் விலக்கினால் காற்றோட்டம் வரும். அடியிலுள்ள கிழட்டு இலைகளைக் கிள்ளி எடுத்துத் தோட்டத்துக்கு வெளியே போட வேண்டும். பிரேசிலில் 1999-இல் பசும்பாலைத் தண்ணீரில் கலந்து வாரந்தோறும் சுரைக்குடும்பச் செடியில் தெளித்துச் சாம்பல் நோயைக் கட்டுப்படுத்தியதாக ஆய்வு உண்டு என்றேன். "பாலா? மனுசனுக்கே பத்தல" என்று எழுந்துவிட்டார்.

கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்: "அந்தக் கடைக்காரன்கிட்ட எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டுட்டேன் தாயி. பத்து வருஷமா கடன் குடுத்தவன்." நான் ஒன்றும் சொல்லவில்லை. லிஃப்ட் வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பாவின் கைபோலவே விரல் நகங்கள் அகலமாக இருக்கும்.

நேற்று இரவு பத்து மணிக்கு ஒரு படம் வந்தது. கடையின் தட்டில் வரிசையாக அடுக்கிய புட்டிகள், நடுவே ஒரு கந்தகப் பொட்டலம், பின்னால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு புட்டியின் பொடி எழுத்தை விளக்குக்கு அருகே பிடித்துப் படிக்கும் கடைக்காரரின் பாதி முகம். கீழே சித்தப்பாவின் எழுத்து:

"இந்த அடுக்கில மட்டும் ஏழு வால் எண்ணிட்டோம். இவரு இன்னும் எண்ணிக்கிட்டு இருக்காரு."